நீலத் தோடு, மஞ்சள் தோடு

ஜனவரி 9

முதல் ஆடு இன்று ஈன்றது. நீலம் 22. ஒரு கிடாக்குட்டி, இரண்டு கிலோ நூறு கிராம். பத்து நிமிடத்தில் எழுந்து நின்று மடியைத் தேடியது.

"மேடம், முதல் குட்டியே நீலம்!" என்றாள் ஜெபக்கனி. ஆய்வில் என்னோடு ஆறு வருடமாக இருப்பவள், இரண்டு பிள்ளைகளின் தாய், இன்னும் இப்படித் துள்ளுகிறாள்.

"ஒரு குட்டி சான்றாகாது" என்றேன்.

மாலையில் கோயம்புத்தூரிலிருந்து கோமதி அக்கா போன் செய்தாள். "நீ அந்த ஊர்ல ஆட்டை வச்சு என்னதான் செய்யறே?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கும் எழுதி வைக்கிறேன். இவ்வளவு எளிமையாக நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

கன்று வீச்சு நோய் வந்த சினையாடு, மாதம் நிறையும் முன்பே குட்டியை வீசிவிடும். அந்தக் குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொட்டவர்களுக்கும், பாலைக் காய்ச்சாமல் குடித்தவர்களுக்கும் விட்டு விட்டுக் காய்ச்சல் வரும். மாதக்கணக்கில் போகாது. டைபாய்டு என்று மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். இதற்கு இப்போது இருக்கும் தடுப்பூசி உயிருள்ள கிருமி. போடுகிறவர் விரலில் தவறிக் குத்தினால் அவருக்கே நோய் வரும். எங்கள் ஊசியில் கிருமி கிடையாது. கிருமியின் இரண்டு புரதங்கள் மட்டும்தான். அவற்றின் மரபணுவை வேறொரு சாதுவான பாக்டீரியாவில் செருகி, அதைப் புரதம் செய்ய வைத்து, பிரித்து எடுத்தோம். பதினோரு வருட வேலை.

ஆலங்கிணற்று ஆவுடையம்மாளின் அறுபது பெட்டை வெள்ளாடுகளுக்குச் சென்ற ஜூனில் ஊசி போட்டோம். முப்பதுக்கு எங்கள் தடுப்பூசி, முப்பதுக்குப் புரதம் இல்லாத வெறும் எண்ணெய்க் கலவை. காதில் ஒரு பாதிக்கு நீல வில்லை, மறு பாதிக்கு மஞ்சள். எந்த நிறம் எது என்று எனக்கும் தெரியாது, ஜெபக்கனிக்கும் தெரியாது. விடை ஒட்டிய கவரில் இருக்கிறது. கவர் எங்கள் கால்நடைக் கல்லூரியில், புள்ளியியல் துறைப் பூட்டிய அலமாரியில். கடைசி ஆடு ஈன்ற பிறகுதான் அதைத் திறப்பார்கள்.

இதைக் கேட்டுவிட்டு அக்கா, "சரி, சாப்பிட்டியா?" என்றாள்.

ஜனவரி 12

மஞ்சள் 3, மஞ்சள் 41. இரண்டும் குட்டியை வீசின.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். விடுமுறை, ஆனாலும் ஆலங்கிணறு போனேன். ஆவுடையம்மாள் ஆடுகளின் கொம்புகளுக்கு வண்ணம் பூசியிருந்தாள். நீல வில்லை ஆட்டுக்கு நீலக் கொம்பு, மஞ்சளுக்கு மஞ்சள் கொம்பு. அரைக் கிலோமீட்டரிலிருந்தே இரண்டு கட்சியாகத் தெரிந்தது.

"என்ன ஆவுடையம்மா இது?"

"தோட்டுக்குப் பொருத்தமா இருக்கட்டுமேன்னு பூசுனேன். நல்லா இல்லையா டாக்டரம்மா?" வில்லையை அவள் தோடு என்றுதான் சொல்வாள்.

எரிச்சலாக இருந்தது. பிறகு மேய்ச்சலில் எண்ணிக்கை எடுக்கும்போது கால் மணி நேரம் மிச்சமானதைக் கவனித்தேன். அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 27

மஞ்சள் 14 ஈன்றது. இரட்டை. ஒன்று இறந்தே பிறந்தது. மற்றதற்கு மூச்சு வரவில்லை. சிறிது முயன்றும் பயனில்லை. மாதிரிகள் எடுத்தாயிற்று. ஜெபக்கனி அப்போது ஐஸ் பெட்டி எடுக்க வண்டிக்குப் போயிருந்தாள்.

உப்பு தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜனவரி 31

ஆலங்கிணற்றில் ஆடு வளர்ப்பவர்களுக்கு மாதாந்திரக் கூட்டம். வழக்கமான பேச்சு. பிரசவம் பார்க்கக் கையுறை போட வேண்டும், நஞ்சுக்கொடியை ஆழமாகப் புதைக்க வேண்டும், மூச்சு விடாத குட்டியின் மூக்கில் வாய் வைத்து ஊதவே கூடாது. ஆறு வருடமாகச் சொல்கிறேன். அவர்களும் ஆறு வருடமாகத் தலையாட்டிவிட்டு ஊதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கண்முன் சாகும் குட்டியை விட்டுவிட அவர்களுக்கு மனம் வராது.

ஊதுவதைப் பற்றிச் சொன்னபோது முன் வரிசையில் இருந்த ஆவுடையம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 11

ஆவுடையம்மாளின் கணவர் கந்தையாவை இன்றுதான் நன்றாகப் பார்த்தேன். வெயிலில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். ஒரு வருடமாகக் காய்ச்சலும் முதுகுவலியும். நான்கு முறை டைபாய்டு என்று சொல்லிவிட்டார்களாம்.

"காலைல நல்லாத்தான் இருப்பாக. சாயங்காலமானா குளிரும். துணியெல்லாம் பிழியுற மாதிரி வேர்க்கும்" என்றாள் ஆவுடையம்மாள்.

கேட்ட உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கி ரத்தம் எடுத்தோம். இப்படி ஒரு விவரத்தைக் கேட்ட பிறகும் எந்த டாக்டருக்கும் சந்தேகம் வராதது எப்படி என்று வண்டியில் வரும்போது ஜெபக்கனியிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 17

சோதனையில் கந்தையாவின் ரத்தம் கட்டி தட்டியது. அதே நோய்தான். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினோம். இனி ஆறு வாரம் மருந்து.

இந்தச் சோதனையை எத்தனை முறை செய்தாலும் எனக்குப் பிடிக்கும். வெள்ளை ஓட்டின் மேல் ஒரு துளி ரத்தத் தெளிவு, பக்கத்தில் ஒரு துளி இளஞ்சிவப்புச் சாயம். இரண்டையும் கலக்கி நான்கு நிமிடம் ஆட்ட வேண்டும். நோய் இருந்தால் ரவை ரவையாகத் திரியும், இல்லையென்றால் ரோஸ் மில்க் போல அப்படியே கிடக்கும். சாயத்தில் இருப்பது கிருமியின் மேலோடு. எங்கள் ஊசியில் அந்த மேலோடு இல்லை. ஆகவே எங்கள் ஊசி போட்ட ஆட்டின் ரத்தம் திரியாது, நோய் வந்ததன் ரத்தம்தான் திரியும். பழைய ஊசியில் இரண்டும் ஒன்றுபோலத் திரியும். நோயாளி எது, ஊசி போட்டது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

பிப்ரவரி 19

காலையில் தலையணை உறை ஈரம். மாற்றினேன்.

அக்காவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "உனக்கு நாப்பத்தொன்பது ஆச்சுடி. எனக்கும் இப்படித்தான், மார்கழியில கூட ஃபேன் போடுவேன்" என்றாள். சரியாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 24

நீலம் 8, நீலம் 30, மஞ்சள் 19. மூன்றும் நல்ல பிரசவம்.

ஆவுடையம்மாள் பட்டி வாசலில் நின்றுகொண்டு, "டாக்டரம்மா, நீலத் தோடு போட்டதுல ஒண்ணே ஒண்ணுதான் வீசியிருக்கு, பாத்துக்கோங்க" என்றாள்.

"அப்படி எண்ணக் கூடாது. கவரைத் திறந்தால்தான் தெரியும்."

"நீங்க கவரைப் பூட்டி வச்சுக்கிட்டு இருங்க. எனக்குக் கண்ணு இருக்கு."

ஜெபக்கனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முறைத்தேன். ஆனால் வரும் வழியெல்லாம் பழைய நாட்களை நினைத்துக்கொண்டு வந்தேன். முதல் ஐந்து வருடம் அந்தப் புரதம் கரையவே இல்லை. குழாயின் அடியில் சுண்ணாம்பு போல உட்கார்ந்துவிடும். விட்டுவிடலாம் என்று நான் எழுதிக்கூடக் கொடுத்துவிட்டேன். பிறகு வந்த ஜெபக்கனிதான், "அவசரப்படுத்தாம பதினெட்டு டிகிரில மெதுவா வளர்த்துப் பார்க்கலாமே மேடம்" என்றாள். நான் நம்பவில்லை. மறுநாள் காலை குழாயைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். கண்ணாடி போலத் தெளிவு.

அன்று அவளைப் பாராட்டினேனா என்று நினைவில்லை. திரும்பச் செய்து காட்டச் சொன்னது நினைவிருக்கிறது.

மார்ச் 4

முதுகுவலி. நாற்காலியை மாற்றச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தேன்.

மார்ச் 11

கடைசி ஆடும் ஈன்றுவிட்டது. மஞ்சள் 57, பெட்டைக்குட்டி. அறுபதும் முடிந்தது. ஆய்வைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழு ஏப்ரல் 4 அன்று கவரைத் திறக்கும்.

பதிவேட்டைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்தேன். இரு நிறத்தின் கூட்டுத் தொகையையும் நான் போட்டுப் பார்க்கவில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. கொஞ்சம் பெருமையும்தான்.

மார்ச் 18

இந்த வாரம் தலையணை உறை மூன்று. பாரசிட்டமால் ஓர் அட்டை.

மார்ச் 25

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கடைசி ரத்த மாதிரிக்காக ஆலங்கிணறு போனோம். வேலை முடிய மாலை நான்கு. எனக்குக் குளிரெடுத்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சால்வையைப் போர்த்திக்கொண்டேன். கந்தையா எழுந்து நடமாடுகிறார். அவரே எனக்கு டீ கொண்டுவந்தார். முகம் தெளிந்திருந்தது.

ஆவுடையம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பங்குனி வெயில்ல என்னத்துக்குச் சால்வை?"

"ஏசி ஒத்துக்கல."

"எந்த ஏசி? வேப்பமரத்து ஏசியா?"

ஜெபக்கனி சிரித்தாள். ஆவுடையம்மாள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இவுகளுக்கும் இப்படித்தான். நாலு மணிக்குக் குளிரும். விடிஞ்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி எந்திரிப்பாக. ஊரு பூரா ரத்தம் எடுக்குறீக, உங்க ரத்தத்தை எடுத்துப் பாத்தீகளா?"

"எனக்கு வயசு அப்படி, ஆவுடையம்மா."

"அந்த வயசு எனக்கும்தான் வந்துச்சு. முதுகைப் பிடிச்சுக்கிட்டா நடந்தேன்? தை மாசம் அந்தக் குட்டிக்கு வாய் வச்சு ஊதுனீகள்ல? நான் அன்னைக்கே நெனச்சேன்."

நான் ஜெபக்கனி பக்கம் திரும்பவில்லை. வண்டி சங்கரன்கோவில் சாலைக்கு ஏறிய பிறகுதான், "கையுறை போட்டிருந்தீங்களா மேடம்?" என்றாள்.

"போட்டிருந்தேன். கழற்றிவிட்டேன். ரப்பரோடு குட்டியின் வாயைத் திறக்க முடியவில்லை, வழுக்கியது."

"முகக்கவசம்?"

"அதையும்தான்."

அந்தக் குட்டியின் நெஞ்சு ஒரு முறை துடித்தது. அதனால்தான். அதைப் பார்த்த பிறகு என் கை என்னைக் கேட்காமல் வேலை செய்தது. மூக்கைத் துடைத்து, வாய் வைத்து, மூன்று தடவை ஊதினேன். நான்காம் தடவை ஆவுடையம்மாள்தான் தோளைத் தொட்டு, "போதும் டாக்டரம்மா, போயிருச்சு" என்றாள்.

ஜனவரி 27 பதிவை இப்போது எடுத்துப் பார்த்தேன். "சிறிது முயன்றும் பயனில்லை" என்று எழுதியிருக்கிறேன். உப்பு வாங்க வேண்டும் என்றும்.

மார்ச் 26

ஜெபக்கனி ரத்தம் எடுத்தாள். ஓட்டில் துளிகளை நான்தான் வைத்தேன். நான்கு நிமிடம் தேவைப்படவில்லை. ஒரு நிமிடத்துக்குள் ரவை.

திரும்பச் செய்யச் சொன்னேன். ரவை. சாயம் பழசாக இருக்கலாம் என்று புதுக் குப்பியைத் திறக்கச் சொன்னேன். ரவை.

"மேடம், ஆடா இருந்தா முதல் தடவையே பதிவேட்டில எழுதியிருப்பீங்க" என்றாள் ஜெபக்கனி.

ஆய்வில் ஈடுபட்ட எவருக்கு நோய் வந்தாலும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் ஆய்வை நிறுத்தி வைப்பார்கள். தடுப்பூசி செய்தவளுக்கே அந்த நோய் என்றால், ஊசிதான் நோயைக் கொடுத்தது என்று பேச ஒருவராவது இருப்பார். பழைய ஊசி கொடுக்கத்தான் செய்கிறது. கவர் அப்படியே அலமாரியில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூடக் கிடக்கலாம். ஆய்வே செல்லாது என்று தள்ளியும் விடலாம்.

"இன்னும் ஒன்பது நாள்தானே மேடம்" என்றாள் ஜெபக்கனி. "மருந்தை இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க. கவரைத் திறந்த மறுநாள் சொல்லிக்கலாம். ஆடு எல்லாம் ஈனி முடிஞ்சாச்சு, எண்ணிக்கை மாறவா போகுது?"

எண்ணிக்கை மாறாதுதான். நானும் அதைத்தான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

"தன் நோயை மறைத்தவள் செய்த ஊசியை நீ உன் ஆட்டுக்குப் போடுவாயா?" என்று கேட்டேன்.

அவள் கடிதம் தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். வாய் வைத்து ஊதியதையும், அதைப் பதிவேட்டில் எழுதாததையும் சேர்த்தே எழுதச் சொன்னேன்.

மார்ச் 27

கடிதம் கொடுத்தாயிற்று. ஆய்வு நிறுத்திவைப்பு. நான் பதிவேடுகளைத் தொடக் கூடாது, பட்டிக்கும் போகக் கூடாது. விசாரணை முடியும்வரை பொறுப்பு ஜெபக்கனிக்கு.

மருத்துவமனையில் உறுதி செய்துவிட்டார்கள். இரண்டு மருந்து, ஆறு வாரம்.

மார்ச் 29

மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறம். முன்பே சொல்லித்தான் கொடுத்தார்கள். இருந்தும் திடுக்கிட்டேன்.

ஏப்ரல் 4

இன்று கவரைத் திறந்திருக்க வேண்டும். சமையலறை அலமாரிக்குப் புதுத் தாள் விரித்தேன். டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டினேன்.

ஏப்ரல் 10

விசாரணை. என்னைக் கேட்டது பத்து நிமிடம். பிறகு வெளியே உட்காரச் சொன்னார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை, எல்லாம் காதில் விழுந்தது.

குழுத் தலைவர் ஜெபக்கனியிடம் நேரே கேட்டார். "ஊசியே இந்தக் காய்ச்சலைக் கொடுக்கலைன்னு நீங்க எப்படிம்மா சொல்றீங்க?"

அவள் பையைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெள்ளை ஓடு மேசையில் அமரும் சத்தம் எனக்குத் தெரியும்.

"சார், போன மாசம் நான் சம்மதப் படிவத்தில கையெழுத்துப் போட்டேனே, ஊசி தயாரிக்கிறவங்க ரத்தத்தையும் வருஷா வருஷம் பாக்கணும்னு? ஆறு வருஷமா இந்தப் புரதத்தைக் கையில வச்சிருக்கறவ நான். இது என் ரத்தம். இது எங்க ஆய்வக எலிகளோடது, இதே ஊசி போட்டு முப்பது நாள் ஆனது. இது மேடத்தோடது. நாலு நிமிஷம் நீங்களே ஆட்டுங்க."

நான்கு நிமிடமும் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது மட்டும்தான் திரியுது" என்றார் தலைவர்.

"ஆமா சார். இது கிருமியோட மேலோட்டுக்கு வந்த எதிர்ப்பு. எங்க ஊசியில மேலோடு கிடையாது. முழுக் கிருமியும் உள்ள போனாத்தான் இப்படித் திரியும். மேடத்துக்கு ஊசியால வரல. அந்தக் குட்டியால வந்தது. இந்த நோய் எப்படிப் பரவும்னு நாம ஊர் ஊராச் சொல்றோமோ, அப்படியே வந்திருக்கு."

அவள் குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. எனக்கு எழுந்து உள்ளே போய் ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. போகவில்லை. வெளியே வந்தவளிடம், "இரண்டாவது துளியைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருப்பாய், சத்தத்திலேயே தெரிந்தது" என்றேன்.

"நல்லாச் சொன்னேனான்னு கேட்டா சொல்ல மாட்டீங்களே" என்றாள்.

"நல்லாச் சொன்னே" என்றேன்.

அவள் அங்கேயே நின்று அழுதுவிட்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

என் பதிவேட்டுக் குறைபாட்டுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை. சரியான முடிவு. ஆய்வு தொடரலாம். கவரை ஏப்ரல் 18 அன்று திறப்பார்கள். நான் இருக்கக் கூடாது.

ஏப்ரல் 18

பதினொன்றே காலுக்குப் போன் வந்தது.

"மேடம், மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு. சொல்லு."

"நீலம்."

அவளே தொடர்ந்தாள். "நீலத்துக்குத்தான் நம்ம ஊசி. முப்பதில இருபத்தெட்டு நல்லபடியா ஈனியிருக்கு. மஞ்சள்ல முப்பதுக்குப் பதினேழு. மேடம், இருக்கீங்களா?"

"நீலத்தில் வீசிய இரண்டு?"

"தெரியும், அதைத்தான் முதல்ல கேப்பீங்கன்னு. ரெண்டும் திரியுது, நோய்தான். மத்த இருபத்தெட்டுல ஒண்ணுகூடத் திரியல."

அந்த இரண்டையும் ஊசி ஏன் காக்கவில்லை என்று பார்க்க வேண்டும். இரண்டாம் ஊசி போட்ட தேதிகளை எடுத்து வைக்கச் சொன்னேன். ஒரு மந்தை, ஒரு பருவம். வேறு ஊரில், வேறு இன ஆடுகளில் திரும்பச் செய்ய வேண்டும். இன்னும் நான்கைந்து வருடம் ஆகும்.

போனை வைத்துவிட்டுக் கொடியிலிருந்த தலையணை உறைகளை எடுத்து மடித்தேன். எல்லாம் போன வாரம் துவைத்தவை. இந்த வாரம் துவைக்க ஒன்றும் இல்லை. ஜன்னலோரம் நின்றிருந்தேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

பெருமையாக இருக்கிறது. இந்த வரியை அடிக்காமல் விடுகிறேன்.

மே 9

கடைசி மாத்திரை நேற்று முடிந்தது. பட்டிக்குப் போக அடுத்த வாரம் அனுமதி.

காலையில் ஆவுடையம்மாள் போன் செய்தாள். பின்னால் ஆடுகளின் சத்தம்.

"டாக்டரம்மா, தோடு போடாத சின்ன ஆடு ஒண்ணு இருந்துச்சுல்ல, தலையீத்து? இன்னைக்கு ஈனிருச்சு. குட்டி மூச்சே விடல."

"ஊதினீர்களா?"

"யாரு, நானா? உங்க ரப்பர் கையுறையைப் போட்டுக்கிட்டுத் துணியால மூக்கைத் துடைச்சேன். வைக்கோலை விட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டினேன். பின்னங்காலைப் பிடிச்சு ரெண்டு சுத்து சுத்துனேன், நீங்க படத்துல காட்டுவீகள்ல, அதே மாதிரி. இவுக அந்தப் பக்கம் நின்னு, 'ஊது புள்ள, ஊது புள்ள'ன்னு கத்துறாக. 'சும்மா கெடங்க, ஊதுன டாக்டரம்மாவே ஆறு வாரம் படுத்துக் கெடந்தாக'ன்னு சொல்லிட்டேன்."

"பிறகு?"

"பெறகென்ன, தும்முச்சு. ஆறு வருசமாச் சொன்னீக, கேக்கல. நீங்க படுத்தப்பறந்தான் நம்புனேன். இந்தா, சத்தத்தைக் கேளுங்க."

போனைக் குட்டியின் பக்கம் நீட்டினாள் போலிருக்கிறது. மெல்லிய, கோபமான ஒரு சத்தம் கேட்டது. நிற்காமல் கத்தியது.

ஒரு குட்டி சான்றாகாது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்: மே 9, காலை ஏழு நாற்பது, பெட்டை, உயிரோடு இருக்கிறது.